சிவப்புத்துணிக் குச்சி

முதலில் என் பசுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஐயா. நான் இங்கே பதுளையில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு வேளாவேளைக்குத் தண்ணீர் காட்ட ஆள் இல்லை. யாரிடமாவது சொல்லிவிடுங்கள். சினை மாடு. வாயில்லாத ஜீவன், கேட்டு வாங்கிக் குடிக்கத் தெரியாது.

என் பெயர் இராமையா. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கான் கங்காணியாக இருந்தவன். கான் என்றால் மழைத்தண்ணீரை மலையிலிருந்து ஓடைக்குக் கொண்டுபோகிற வாய்க்கால். தேயிலைக்குள்ளே அது குறுக்காக, மெல்லச் சரிந்து போகவேண்டும். சரிவு கூடினால் மண்ணை அரித்துவிடும். குறைந்தால் தண்ணீர் தேங்கிக் கரையை உடைக்கும். துரைமார் வருவார்கள், போவார்கள். அந்த மலையில் தண்ணீர் என் சொல்லைத்தான் கேட்டது. பெருமைக்காகச் சொல்லவில்லை, போய் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

கான் சுத்தம்செய்ய எங்களிடம் ஒரு முறை உண்டு. மழை இல்லாத நாளிலும் கானில் ஊற்றுத்தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். வேலைசெய்கிற இடத்துக்கு மேலே புற்கட்டிகளை அடுக்கி அடைத்துக்கொண்டால்தான் கீழே சேறு வாரமுடியும். அடைத்தவன் கரையில் சிவப்புத்துணி கட்டிய குச்சியை நட்டுவைப்பான். அந்த அடைப்பை அவன்தான் எடுக்கவேண்டும், வேறு எவனும் கைவைக்கக் கூடாது. எடுத்தால் கீழே குனிந்திருக்கிறவன் தலையில் தண்ணீர் பாய்ந்துவிடும். அடைப்பை மெல்லியதாகத்தான் வைப்போம். மறந்துபோனாலும் பெருமழையில் தண்ணீரே அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

புதுத்துரை வந்தார். ஒருநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் பதிய ஆட்கள் எல்லாரும் வரிசையில் நிற்கும்போது என்னைக் கூப்பிட்டார். "இராமையா, நீ கிழவன். நாளைக்குப் புல்லுவெட்டு போ. குச்சி வீரய்யாகிட்ட குடு" என்றார். புல்லுவெட்டுக்குப் பெண்டுகளும் நோயாளிகளும்தான் போவார்கள். வரிசையில் யாரோ சிரித்தார்கள். கித்துள் மரச் சிராயில் நானே செதுக்கிய குச்சி அது. வீரய்யா என் தங்கை மாரியாயியின் புருஷன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"மனசுல வச்சுக்காதீங்க மச்சான். தொர சொல்றாரு, நான் என்ன செய்ய?" என்றான்.

நல்லவன்தான், ஐயா. அவன் நல்லவனாக இருந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எனக்குச் சோறு அவன் வீட்டில், கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கிற பள்ளத்து லயத்தின் கடைசிக் காம்பராவில். என் பசுவும் அவர்கள் காம்பராவுக்குப் பின்னால்தான் நின்றது, மாரியாயிதான் கறந்தாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். ஒரே சட்டியில் தின்றாலும் அவன் கான் கங்காணி, நான் புல்லுவெட்டுக்காரன்.

கார்த்திகை மாதம். அன்று காலை வீரய்யா பள்ளத்து லயத்துக்கு நேர் மேலே போகிற கானை அடைத்துவிட்டுச் சேறு வாரிக்கொண்டிருந்தான். தேயிலை ஸ்டோரில் கூரைத் தகரம் பிய்ந்துவிட்டது, ஆட்களோடு உடனே வா என்று துரை சொல்லியனுப்பினார். ஓடினான். அடைப்பை எடுக்காமல் ஓடினான். அது அவன் தப்பு. அதை நீங்கள் எழுதிக்கொள்ளவேண்டும்.

நான் பக்கத்து மலையில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. போய்ப் பார்த்தேன். அடைப்பும் குச்சியும் அப்படியே இருந்தன. அடைத்தவன்தான் எடுக்கவேண்டும். இத்தனை வருஷம் நான் கட்டிக்காத்த முறை, அதை நானே மீறலாமா? நான் எடுக்கவில்லை.

எடுக்கக் கூடாது என்றுதான் முறை. சேர்க்கக் கூடாது என்று இல்லை. அரைகுறை வேலையைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. கல் பொறுக்கி வைத்தேன். இடுக்குகளில் களிமண் அப்பி மிதித்தேன். தண்ணீர் தள்ளமுடியாத அளவுக்குச் செய்தேன். பதறாத காரியம் சிதறாது. பிறகு குச்சியைப் பிடுங்கிக் கம்பளிக்குள் சுருட்டிக்கொண்டேன். அது அங்கே நின்றால் வழியில் போகிற எவனாவது பார்த்து வீரய்யாவைக் கூவிக் கூப்பிடுவான். அதோடு, அது என் குச்சி. நேற்று என் கூரை இடுக்கிலிருந்து உங்கள் ஆட்கள் எடுத்தார்களே, அதுதான். தூர எறிய மனம் வரவில்லை.

கரை உடையவேண்டும், கொஞ்சம் தேயிலை போகவேண்டும், துரை என்னைக் கூப்பிடவேண்டும். என் ஆசை அவ்வளவுதான். வேலை நேரத்தில் லயத்தில் யார் இருப்பார்கள்? எல்லாரும் மலைக்குப் போயிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

மதியம் திரும்பி மழை கொட்டியது. நான் மேட்டில் ஒரு மரத்தடியில் பசுவோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கான் நிரம்பியது, கரை வழிந்தது, பிறகு மலை மொத்தமாகச் சரிந்து கடைசிக் காம்பராவின் மேல் உட்கார்ந்தது. மண்ணை வெட்ட நான்தான் முதலில் ஓடினேன். தண்ணீரை வேறு பக்கம் திருப்பி வழிவெட்டியதும் நான்தான். துரை என் தோளைத் தட்டி, "இனி கான் எல்லாம் நீ பாரு" என்றார்.

மாரியாயியை வெளியே எடுத்தபோது வீரய்யா சேற்றில் விழுந்து புரண்டான். "ஐயோ மாரியாயி! அடப்ப எடுக்காம போனேனே! நானே ஒன்ன கொன்னுட்டேனே!" என்று கதறினான். அவனாகத்தான் சொன்னான். நான் ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அதைக் கேட்டுத்தான் அவனை இங்கே அடைத்துவைத்திருக்கிறீர்கள்.

மாட்டை ஏன் மழைக்கு முன்னாலேயே மேட்டுக்கு ஓட்டினாய் என்று மறுபடியும் கேட்கிறீர்கள். சொல்கிறேன், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? கல் வைத்துவிட்டு லயத்துக்கு இறங்கினேன். மாரியாயி வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மாதம் நிறைந்திருந்தது. கால் வீங்கி, அன்று பெரட்டுக்குப் போகவில்லை.

"ஏண்ணே, மழ வர்ற நேரத்துல மாட்ட எங்க ஓட்டிக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டாள்.

"மேல புல்லு நல்லா இருக்கு" என்றேன்.

முடிச்சு இறுகிப்போயிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்துவந்து, அவளே கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். "பாத்துண்ணே, வழுக்கப்போவுது. செனமாடு" என்றாள்.

"மழ வரப்போவுது. நீ உள்ள போய்ப் படுத்துக்கம்மா" என்றேன்.

போய்ப் படுத்துக்கொண்டாள், ஐயா. அவள் என் சொல்லை ஒருநாளும் தட்டியதில்லை.