பேர் சொல்லாமல் வெட்டிய காசு

— மாவாட்டுறத நிறுத்திறாதக்கா. ச-சத்தம் இருந்தாத்தான் சொல்லுவேன்.

— அய்யா மில்லுக்கு லீவு போட்டு உள்ள படுத்துக் கெடக்காரு. அவருக்குக் கேக்காது, சொல்லு செல்லத்தா. மூஞ்சி ஏன்டி பேயறஞ்சாப்ல இருக்கு?

— வெ-வெள்ளிக்கிழம காளி கோயில்ல காசு வெட்டிப் போட்டுட்டேங்க்கா.

— அடிப் பாவி! பதினஞ்சு வயசுல சாமிகிட்டக் காசு வெட்டிச் சாபம் விடுற அளவுக்கு உனக்கு எவடி பகையாளி?

— இன்சூரன்சு ஆபீசுல...

— கிளார்க்கு பால்பாண்டியா?

— தை மாசம் அய்யாகூடப் போனேன்ல. பே-பேரக் கேட்டான். 'செ'லயே நின்னுக்கிட்டேன். எத்தன தடவ திக்குறேன்னு பென்சிலால மேசையில தட்டித் தட்டி எண்ணுனான். வரிசையே சிரிச்சுச்சு. ஊமைன்னா இன்சூரன்சுல வைத்தியம் உண்டு, தி-திக்குவாய்க்கெல்லாம் எவன் குடுப்பான்னான்.

— மாசாமாசம் மில்லுல அய்யா சம்பளத்துல பிடிக்கிறாகள்ல, அவன் அப்பன் வீட்டுக் காசா? நல்லா வேணும் அந்த நாயிக்கு. என்னான்னுடி வெட்டுன?

— எட்டணாவ உளிய வச்சு ரெண்டாப் பொளந்தேன். 'எனக்கு வர வேண்டிய வைத்தியத்த மறிச்சவுக வாயி அடச்சுப் போகணும் தாயி'ன்னேன். அது ப-பலிச்சுருச்சுக்கா. அதான் பயமா இருக்கு.

— இரு, இரு. மறிச்சவுகன்னா? பால்பாண்டின்னு பேரச் சொல்லலியா?

— சொல்லல.

— கிறுக்கி! பேரச் சொல்லாம வெட்டுனா யாரு மேல போயி விழுகும்னு தெரியுமாடி ஒனக்கு? துண்டு ரெண்டும் எங்க?

— கெ-கெணத்துக்குள்ள. ஏங்க்கா பதறுற? கிளார்க்குக்குப் போயி நீ ஏன் இம்புட்டு...

— செல்லத்தா, அவன் சிரிச்சான்தான். ஆனா பேப்பர மேல அனுப்பிட்டான்டி. மெட்ராசுல ஆறு மாசம் பேச்சு வைத்தியம், செலவெல்லாம் இன்சூரன்சுன்னு சாங்ஷன் சீட்டு மாசியிலயே வந்துருச்சு.

— வ-வந்து?

— உசிலம்பட்டிக்காரக என்னயப் பொண்ணு பாக்க வந்த சமயம். தங்கச்சிக்கு நோயின்னு ஆபீசுக் காயிதத்துல ஏறிட்டா, வம்சத்துலயே கோளாறுன்னு எந்திரிச்சுப் போயிருவாகன்னு, அய்யா டிரங்குப் பொட்டிக்கு அடியில ஒளிச்சு வச்சுட்டாரு. சின்னவகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியமும் வாங்கிக்கிட்டாரு. அய்யய்யோ, சனிக்கிழமையில இருந்து அவருக்குத் தொண்ட அடச்சு ஒரு பேச்சு வரலியேடி! பஞ்சுத் தூசின்னுல்ல நெனச்சேன்! வா, ஓடிப் போயிக் காளி கால்ல விழுவோம். தெரியாமச் செஞ்சுட்டேன்னு சொல்லு, ஆத்தா மன்னிச்சுருவா.

— அந்தச் சீட்ட வாசிச்சுட்டுத்தான் கோயிலுக்குப் போனேன். பெத்தவரு பேரச் சொல்லக் கூடாதுல்லக்கா, அதான் சொல்லல.