இருட்டறையில் எழுநூறு தகடுகளை அடுக்கிய ஒதெத் மெர்மியே அம்மையாருக்கு

முப்பத்தொரு ஆண்டுகள் எங்கள் இருட்டறையை ஆண்ட ஒதெத் மெர்மியே அம்மையீர்! ஜெனீவாவின் பனிமூட்டத்தில் பேருந்துக்கு முன்பே வந்து நிற்பவரே! இன்று விடைபெறும் உங்களுக்கு எங்கள் அன்பு வணக்கம்.

துகள் முடுக்கியிலிருந்து பாயும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் மலையையும் துளைத்துப் போய்விடும். அபூர்வமாக ஒன்று டங்ஸ்டன் தகட்டில் மோதினால், அடுத்துள்ள பிலிமில் சுவடு விழும். எத்தனை மோதின என்று உலகுக்குச் சொல்லுமுன், எத்தனை தகடு, எத்தனை பிலிம் வைத்தோம் என்பது நமக்குத் தெரிய வேண்டும். அந்த எண்ணிக்கையைக் காத்தவர் நீங்கள்.

பிலிம் கழுவும் மருந்தின் நெடியும், கையுறைக்குள் வியர்த்த விரல்களும், பத்து மணிக் காப்பிக்கு வெளியே வந்தால் கூசும் கண்களும் இன்னும் நினைவில் இருக்கின்றன. யார் முகமும் தெரியாததால், கூச்சக்காரியான மயேல் எனக்கும் பேச்சு வந்த இடம் அது.

"வலப்பக்கம் வரேன் மதாம், மோதிடாதீங்க."

"மோதினா சொல்லு மயேல், அதையும் கணக்குல சேர்த்துக்கலாம்!"

இம்மடலுக்காக எல்லாரும் ஆளுக்கொரு நினைவை எழுதித் தந்தார்கள். குழுத்தலைவர் ரெமோ தந்தது: 'ஒதெத் எண்ணிக்கையைக் கோட்டைவிட்ட நாள்.' அதை அப்படியே எழுத என்னால் முடியவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை. நீங்கள் ஒரு தகடு வைக்க, நான் அதன்மேல் ஒரு பிலிம் வைத்தேன். அடுக்கிய பெட்டி மாலை நான்கு மணிக்கு முடுக்கிச் சுரங்கத்தில் இறங்க வேண்டும். அறுநூற்றைத் தாண்டியதும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

"மதாம், நடுவுல ஒரு பிலிம் வெக்காம விட்டுட்டேனோன்னு இருக்கு."

"எங்க?"

"தெரியல."

என் வேலை ஒப்பந்தத்தை நீட்டிப்பதா என்று முடிவு செய்யும் வாரம் அது. உங்களுக்கும் தெரியும். கதவருகே போய்க் குரல் கொடுத்தீர்கள்.

"ரெமோ, எனக்கு எண்ணிக்கை தப்பிருச்சு. எல்லாத்தையும் பிரிக்கணும்."

"ஒத்தைப் பிலிமுக்கா? நாலு மணிக்குக் கீழ பூட்டிருவாங்க ஒதெத்!"

"பூட்டட்டும்ப்பா. தெரியாததைத் தெரியும்னு எழுத என்னால ஆகாது."

பிரித்தோம். ஒரு பிலிம்கூடக் குறையவில்லை. ஆனால் அதற்குள் முடுக்கி ஓடத் தொடங்கிவிட்டதால், மூன்று வாரம் கழித்துத்தான் சுரங்கம் திறந்தது. அதுவரை வந்த நியூட்ரினோக்கள் அளக்கப்படாமலே போயின.

"என்ன ஒதெத், காப்பிக்கு எத்தனை சர்க்கரைக்கட்டி? நான் எண்ணித் தரட்டுமா?" என்று ரெமோ வெகுநாள் சீண்டினார். நீங்கள் சிரித்துக்கொண்டே பாலாடைக்கட்டியை வெட்டி எல்லாருக்கும் நீட்டினீர்கள். நானும் வாங்கிச் சாப்பிட்டேன், வாய் திறக்கவில்லை.

அம்மையீர், அன்று தடுமாறியது நான். உங்கள் எண்ணிக்கை ஒருநாளும் தப்பியதில்லை. எல்லாரும் அறிய இதைச் சொல்கிறேன்.

ஜூரா மலைப்பாதைகளில் நோயின்றி, அவசரமின்றி, நெடுங்காலம் நீங்கள் நடக்க வேண்டும். வெயில் நிறைந்த காலைகள் உங்களுக்கு வாய்க்க வேண்டும்!

கையெழுத்து வாங்குமுன் இம்மடலை ரெமோவிடம் வாசித்துக் காட்டினேன். அவர், "பேனாவைக் குடு" என்றார். கீழே உள்ள முதல் கையெழுத்து அவருடையது.

இங்ஙனம்,
ரெமோ, மயேல்,
இருட்டறைப் பணியாளர் அனைவரும்