ஹார்லன் அண்ட் வீவர்

— அப்புறம் வீவர் எங்க போனான், தர்மிகா?

— கலிஃபோர்னியாவுக்கு. அவற்ற மனுசிக்கு நெஞ்சு வருத்தம், ரெங்கராஜ். ஒஹாயோக் குளிர் அவவுக்கு ஆகாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்.

— செருப்புக் கடை மாடியில ரெண்டு பேரா ஆரம்பிச்ச, கட்டடத்துக்குப் பிளான் போடுற கம்பெனியாச்சே. ரெண்டு பேரும் சேந்து வரைஞ்ச அந்தக் கோர்ட் கட்டடம் என்னாச்சு?

— வீவர் போகேக்க அத்திவாரம் மட்டும்தான். ஹார்லன் தனிய நிண்டு முடிச்சவர். அதுக்குப் பிறகு கீறின பள்ளிக்கூடம், லைப்ரரி எல்லாத்திலயும் ரெண்டு பேற்ற பேரும் கிடக்கு. வீவர் அதில ஒரு கோடுகூடக் கீறேல்லை.

— பேர எடுக்கவே இல்லையா?

— சாகும்வரைக்கும் எடுக்கேல்லை. நூறு வருசம் கழிச்சு, பாருங்கோ, கம்பெனியின்ர துபாய் ஒஃபிஸ் சுவரிலயும் அதே பேரைத்தான் போடப் போகினம்.

— அந்தச் சுவருக்கு அவங்க கதைய எழுத, இங்க குசைஸ்ல கஃபெடீரியா மேல ஒத்த ரூம்ல ஆபீஸ் போட்டிருக்குற நம்மளப் புடிச்சாங்க பாருங்க. சரி விடுங்க, நம்ம கடைசி வேல நல்ல வேலையா அமைஞ்சுச்சு.

— உங்களுக்குத்தான் கடைசி. நான் இஞ்சதானே இருக்கப் போறன்.

— ஆமா... நான் சொன்னது தப்புதான்.

— தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ.

— சந்தியாவுக்கு நைட் டியூட்டின்னா தோஹாவுல பாப்பா பக்கத்து வீட்லதான் தூங்குறா. அப்பா இந்தத் தடவ லீவுக்கு வர்றியா, இருக்க வர்றியாங்குறா. இருக்கத்தான்டான்னேன். நம்பல.

— சந்தியா பாவம். இவ்வளவு காலமும் தனியச் சமாளிச்சவ.

— ஒண்ணு கேக்குறேன். ஹார்லன் அவனப் போகாதன்னு சொல்லலயா?

— சொல்லேல்லை. ஸ்டேஷன் வரைக்கும் போய்ப் பெட்டியைத் தூக்கி வச்சவராம். ஹார்லன்ர மகள் ஒரு பேட்டியில சொல்லியிருக்கிறா. அண்டைக்கு முழுக்க வீட்டில ஒருத்தரோடயும் கதைக்கேல்லையாம்.

— அவ்ளோ பாசம் வச்சிருக்குறவன் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல வேணாமா?

— ஹார்லனைக் குறை சொல்லாதேங்கோ.

— பின்ன? நீங்களுந்தான். நான் தோஹாவுக்குப் போறேன்னதும் "நல்லது"ன்னு ஒரே வார்த்த. இங்கயே இருங்கன்னு ஒரு பேச்சுக்குக்கூட சொல்லல. சேந்து இத்தன வருஷம் வேல பாத்துட்டு, நான் என்ன அவ்ளோ வேண்டாதவனாயிட்டனா?

— சொல்லியிருந்தால் நீங்கள் நிண்டிருப்பியள், ரெங்கராஜ்.