தகரம் விரியும் சத்தம்

மார்கழியில் கல்கத்தாவில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டு விழாது. சித்திரையில் அதே எண்ணெய் மூடியைத் தாண்டிக் கசியும். பாலிகஞ்ச் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன், சார். சூடு பட்டால் திடம், திரவம், வாயு எல்லாமே கூடுதலாக இடம் கேட்கும். வாயு ரொம்பவே கேட்கும்.

நீங்கள் கோபுவைப் பற்றிக் கேட்கிறீர்கள். என் மனைவி சாவித்ரியின் தம்பி. எழுபத்திரண்டு சித்திரையில் அவளை ஒரேயடியாகத் திருச்சிக்கு அழைத்துப்போக வந்தான். நான் அவளை வெளியே விடுவதில்லையாம். கரியாஹாட் கடைத்தெரு நெரிசலில் அவளுக்கு என்ன வேலை? வேண்டியதையெல்லாம் நானே வாங்கிவந்தேன்.

அன்று அவர்கள் ரயில் ஏற வேண்டும். அவளுடைய பெட்டி மொட்டைமாடி அறையில் இருந்தது. தகரக் கூரை, இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது. வெயில் ஏறினால் கதவு விரிந்து சட்டத்தில் இறுகிக்கொள்ளும். சாயங்காலம் குளிர்ந்தால் தானாக விடும்.

"பெட்டியை நானே எடுத்துண்டு வந்துடறேன், அத்திம்பேர்," என்றான். ஆஸ்துமாக்காரன்.

"கதவை நன்னா இழுத்துச் சாத்திண்டு தேடு. புறா உள்ள வந்துடும்," என்றேன்.

சத்தம் சீக்கிரமே கேட்டது. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். குழாயைத் திறந்தேன், மூடினேன். படித்த பேப்பரையே திரும்பத் திரும்ப மடித்தேன்.

"ஏன்னா, மாடியில என்ன சத்தம்?"

"வெயில்ல தகரம் விரியறது."

"கோபு எங்க?"

"லேக் பக்கம் போயிருக்கான்."

தகரம் அப்படித்தான் சத்தம் போடும். அது பொய் இல்லை. அவள் படியில் கால் வைத்தாள். கையைப் பிடித்து உட்காரவைத்தேன். அப்புறம் சத்தம் நின்றது. நின்ற பிறகுதான் எனக்கு இன்னும் இருப்புக் கொள்ளவில்லை.

இருட்டுமுன் கதவு விட்டது. மூச்சுத்திணறல் என்று டாக்டர் எழுதினார்.

நான் தாழ்ப்பாள் போடவில்லை. முந்தைய நாள் சட்டத்தின் இடுக்கில் ஒரு தகரப் பட்டையை அடித்தேன், அவ்வளவுதான். இரும்பு வளர விட்டிருந்த இடத்தை அடைத்தேன். பெட்டியைப் பழைய சாமான்களுக்கு அடியில் தள்ளியதும் நான்தான். அவன் சாக வேண்டும் என்றுதான் செய்தேன்.

அதன்பின் சாவித்ரி ஊருக்குப் போகவில்லை. என்னோடு பேசவும் இல்லை. இத்தனை வருஷத்தில் வாசலைக்கூட எட்டிப் பார்த்ததில்லை. நிம்மதியாக இருக்கிறாள்.

அவளே அந்தப் பட்டையைப் பிடுங்கி, இந்தப் போலீஸ் ஸ்டேஷன்வரை நடந்துவந்து உங்களிடம் கொடுத்தாள் என்கிறீர்கள். இருக்காது, சார். அவளுக்கு வெளியே போகவே பிடிக்காது.