கடிதத்தின் மேல் நாற்பது பிரதிகள்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தூசி தட்டுவது மட்டும்தான் என் வேலை, சார். மற்றபடி அது என் மனைவியுடையது. வீட்டிலிருந்தபடியே அச்சகங்களுக்குத் தட்டச்சு செய்து கொடுக்கிறாள். நான் அதை இயக்கமாட்டேன் என்று கல்லூரியில் படிக்கும் என் மகளுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் கடிதத்தை அதில் வைத்துவிட்டு வீட்டை விட்டுப் போயிருக்கிறாள்.

திங்கள் காலை துணியும் கையுமாக நின்றபோது திரையில் பார்த்தேன். 'அம்மாவுக்கு' என்று இருந்தது. திறந்தேன். பாதிக் கடிதம், மகளின் மணிக்கட்டு உடைந்தது மாடிப்படியில் விழுந்ததால் அல்ல என்பதைப் பற்றி. அன்றைக்குக் கை கொஞ்சம் பலமாகப் பட்டுவிட்டது, உண்மைதான். மீதியில் ஒரு லாட்ஜின் விலாசம், புது போன் நம்பர். 'நீயும் கிளம்பி வந்துடும்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதுக்கப்புறம் எனக்குத் தெம்பில்லை.'

பிள்ளைகள் கோபத்தில் ஆயிரம் எழுதும். அதற்காக ஒரு குடும்பம் இரண்டாகலாமா? அழித்தேன்.

செவ்வாயன்று மகளின் தோழி வந்து, "ஆன்ட்டி, உங்க கம்ப்யூட்டர்ல லெட்டர் வச்சிருக்கேன்னு சொன்னாளே, பாக்கலையா?" என்றாள். மனைவி துருவித் துருவித் தேடினாள். பிறகு ரிப்பேர்காரருக்குப் போன் போட்டாள். அவர் பேசியது எனக்கும் கேட்டது.

"அழிச்சாலும் உடனே போயிடாதுக்கா. அந்த இடம் காலின்னு குறிச்சு வச்சுக்கும், அவ்வளவுதான். அது மேல வேற எதுவும் ஏறிடக்கூடாது. இப்பவே ஆஃப் பண்ணி ப்ளக்கைப் புடுங்கிடுங்க. நாளைக்குச் சாயங்காலம் கொண்டாங்க. டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து, அந்த நகல்லதான் தேடுவேன்."

மறுநாள் பகலில் அவள் மகளின் போட்டோவோடு பஸ் ஸ்டாண்ட் பஸ் ஸ்டாண்டாக அலையக் கிளம்பினாள். காலுக்கொரு நிறமாகச் செருப்பு மாட்டியிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. வாசலில் திரும்பி, "நீங்க பக்கத்துலயே இருங்க. யாரும் அதை ஆன் பண்ணிடக்கூடாது" என்றாள்.

பக்கத்திலேயே இருந்தேன்.

மகள் நடை பழகிய நீளமான வீடியோ ஒன்று என் பென் டிரைவில் இருந்தது. அதை டிஸ்க்கில் நகல் எடுத்தேன். பிறகு இன்னொன்று. நாற்பதாவது பிரதியில் இடமில்லை என்றது திரை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ப்ளக்கைப் பிடுங்கினேன். கண்ட குப்பையையும் கொட்டி மூடியிருக்கலாம். பெற்ற மனசு, கேட்கவில்லை.

வியாழன் மாலை ரிப்பேர்காரர் உதட்டைப் பிதுக்கினார். "ஒரே வீடியோதான் திரும்பத் திரும்ப வருதுக்கா. ஒரு குழந்தை நடக்குது."

"இன்னொரு தடவை பாருங்க தம்பி. ஒரு வரி கிடைச்சாப் போதும். அவ இருக்கற ஊர் பேர் மட்டும் கிடைச்சாப் போதும்." என்றாள் மனைவி. அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னது அவராகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை லாட்ஜில் கதவை உடைத்தபோது போன் மகள் கையிலேயே இருந்தது என்றீர்கள். அந்த நம்பர் எனக்கு வாரம் முழுக்க மனப்பாடம், சார். அழைத்திருக்கலாம்தான். பெற்றவன் இறங்கிப் போனால் பிள்ளை நாளைக்கு யாரை மதிக்கும்?

கடிதத்தைப் படித்ததும் நான்தான், அழித்ததும் நான்தான், மீட்க முடியாமல் செய்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். என் மனைவிக்கு மட்டும் தெரியவேண்டாம். சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கிறாள். பாவம், அவளைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?