பேச்சி வளைவு

முதல் ஷிப்ட் முடிந்து கிளம்பிய கம்பெனி பஸ், ஒரகடம் கூட்டுரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. இப்போதைக்கு நகர்வதாக உத்தேசமில்லை. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி பக்கத்து ஊர் வடக்குப்பட்டு, இன்னொருத்தி போடிப் பக்கத்து மலைக்காரி.

"இந்த ரோட்ட எந்த இன்ஜினியர் போட்டானோ" என்றாள் வடக்குப்பட்டு.

"எங்க மலை ரோட்ட கழுதைதான் போட்டுச்சு."

"இன்னாடி சொல்ற?"

"நெசமாத்தான். அந்தக் காலத்துல கழுதைய மேல ஏறவிட்டு, அது போற தடத்துல சுண்ணாம்பு தூவிக்கிட்டே போவாங்க. அந்தத் தடந்தான் ரோடு. மொதல்ல எங்க ஆளுங்க அவசரத்துல வெறுங்கழுதைய விட்டுட்டாங்க. அது செங்குத்தா ஏறிப் போயிருச்சு. அதுல எப்படி வண்டி போகும்? கழுதை வச்சிருந்த பேச்சிங்கிற பொம்பளைதான் ரெண்டு பக்கமும் உப்பு மூட்டையக் கட்டி விட்டுச்சு. பாரம் இருந்தா கழுதை வளைஞ்சு வளைஞ்சுதான் ஏறும்."

"அந்தம்மா பேரு ரோட்டுக் கல்வெட்டுல போட்டுக்கீதா?"

"கல்வெட்டுல ரோடு போடச் சொன்ன வெள்ளக்காரத் தொரை பேருதான் இருக்கு."

"அப்புறம் இன்னா பிரயோஜனம்?"

"தொரை பேரு யாருக்குத் தெரியும்? ஊருக்குப் போறப்ப கண்டக்டர்ட்ட 'பேச்சி வளைவு ஒண்ணு'ன்னுதான் நான் டிக்கெட் கேக்குறேன்."