லவானின் சர்க்கரையில்லா மிட்டாய்

இல்லம்மா, நீங்களே சொல்லுங்க. மூணு மாசமா ஒருத்தி அடுப்படியில நின்னு, சக்கர இல்லாம, கோதுமை மாவு இல்லாம, ஃப்ரீசர் நெறைய மிட்டாயா செஞ்சு அடுக்குறா. வீட்டுக்காரரோட சுகர் நம்பர் எறங்கணுமா இல்லையா? ஏறுது. ஏழு புள்ளி எட்டுல இருந்துச்சு, இப்ப எட்டு புள்ளி ஒம்பதாம். அந்த டாக்டர் ஓபர்க், என்னைப் பாத்துக் கேக்குறாரு, "வீட்டுல என்னதான் சாப்பிடுறாரு?"ன்னு. என்னைப் பாத்து. கேக்க வேண்டியத எங்க வீட்டுக்காரர்கிட்ட கேளுங்கன்னு சொல்லிட்டு வெளிய வந்து உக்காந்துட்டேன்.

அந்தப் புத்தகத்த வச்சுருங்கம்மா, அது போன வருஷத்தோடது, அதுல குறுக்கெழுத்தெல்லாம் நான் போட்டு முடிச்சாச்சு. கால்ல என்ன, பனியில வழுக்கிட்டீங்களா? ம்... கட்டு பெருசாத்தான் இருக்கு. பாவம், எழுந்து அந்தாண்ட இந்தாண்ட போகக்கூட முடியாது. சரி உக்காருங்க, பேசிக்கிட்டிருப்போம். என் பேரு லவான். உள்ள இருக்கிறவரு ஆர்லன். ஆர்லன் டாலஃப்சன், நம்ம கவுன்டி ரோட்டுலயெல்லாம் பனி வழிக்கிற வண்டி ஓட்டுனாரே, அவருதான். முப்பத்தஞ்சு வருஷம். உங்க தெருவுல கூட வழிச்சிருப்பாரு.

அந்த மனுஷனுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம். மிட்டாய வாங்கி ஃப்ரீசர்ல போட்டுக் கல்லாக்கித் திங்கிறது. இந்த வேர்க்கடலையும் கேரமல் பாகும் வச்சு மேல சாக்லேட் பூசின கட்டி இருக்குல்ல, அத உறைய வச்சு, மேசை ஓரத்துல ஒரே அடி. துண்டு துண்டா தெறிக்கும். அத வாய்ல ஒதுக்கிக்கிட்டு ஒரு மணி நேரம் பேசாம இருப்பாரு. கல்யாணமான புதுசுல நான் அத ரொம்ப நல்ல குணம்னு நெனச்சேன். ஏரி உறைஞ்சு போயிடும்ல, பனிக்கட்டியில ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போவாரு. வெளிய பூஜ்யத்துக்கு இருவது டிகிரி கீழ. தூண்டில் பெட்டியில தூண்டில் முள்ளோட இந்த மிட்டாய். அந்தக் குளிர்ல உக்காந்து ஐஸு மாதிரி மிட்டாய் திங்கிற ஆள நீங்க பாத்திருக்கீங்களா? நான் நாப்பத்தோரு வருஷமா பாக்குறேன்.

எங்க விட்டேன்? ஆங், டாக்டர். இலையுதிர் காலத்துல சொன்னாரு, சக்கரையையும் மாவுச்சத்தையும் கொறைக்கலேன்னா இன்சுலின் ஊசிதான்னு. ஆர்லன் சரின்னாரு. வீட்டுக்கு வந்தாரு, ஃப்ரீசர்ல இருந்த மிட்டாயெல்லாத்தையும் எடுத்து மேசை மேல வரிசையா வச்சாரு. எங்க பழைய நாயப் பொதைக்கிறதுக்கு முன்னால ஒரு தடவ அப்படித்தான் நின்னு பாத்தாரு. அப்புறம் ஒரு சாக்குல போட்டுப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டு வந்துட்டாரு. எனக்கு மனசு கேக்கல. "ஏங்க, நான் வீட்டுலயே செஞ்சு தர்றேன், சக்கர இல்லாம, அதே மாதிரி"ன்னேன்.

அதோட விட்டிருந்தா ஒண்ணுமில்ல. மறுநாளே நாத்தனார் வந்தா. மார்லிஸ். ஆர்லனோட அக்கா. அவ செய்யாத பலகாரம் கிடையாது, சர்ச்சு கீழ்த்தளத்து விருந்துல அவ தட்டு வச்சா அது மொதல்ல காலியாகும், என் தட்ட நானே வீட்டுக்குத் தூக்கிட்டு வருவேன். அவ சிரிச்சுக்கிட்டே சொல்றா, "லவான், முட்டை வேக வைக்கப் போயி பாத்திரத்தையே கரிச்சவ நீ. இதெல்லாம் நுணுக்கமான வேலை, உனக்கு எதுக்கு?" அது ஒரே ஒரு தடவம்மா, அதுவும் தொண்ணூத்தி நாலுல. போன் வந்துடுச்சு, பேசிட்டிருந்தேன்.

சரின்னு துலூத் டவுன் வரைக்கும் வண்டி ஓட்டிக்கிட்டுப் போயி எல்லாம் வாங்கிட்டு வந்தேன். பாதாம் மாவு. தேங்காய்ப் பால். சக்கர போடாத கறுப்புச் சாக்லேட். அப்புறம் அந்தப் பவுடரு... சக்கர மாதிரியே இருக்கும், சக்கர இல்ல. மொத தடவ அத அள்ளிப் போட்டுச் செஞ்சேன். ஃப்ரீசர்லேர்ந்து எடுத்தா, கல்லு. உள்ள மணல் மாதிரி நறநறங்குது, வாயெல்லாம் பல் விளக்குன மாதிரி ஜிலுஜிலுங்குது. ஆர்லன் கடிச்சாரு. கடவாப் பல்லுல அடைச்சிருந்த சிமிண்டு பேந்து கையில வந்துடுச்சு. அதத் தட்டு ஓரத்துல வச்சுட்டு, மெதுவா சொல்றாரு, "வேற மாதிரி இருக்கு."

நீங்க சிரிக்கிறீங்க. அப்ப நீங்களும் இந்த ஊர்தான். "வேற மாதிரி இருக்கு"ன்னு இங்க ஒருத்தன் சொல்லிட்டா, அதுக்கு மேல திட்டு கிடையாதுன்னு உங்களுக்கே தெரியும்.

ரெண்டாவது தடவ பவுடர் வேண்டாம்னு சக்கர இல்லாத வேற ஒரு இனிப்புப் பாகு வாங்குனேன். கல்லாகல, மெத்துனு வந்துச்சு. அஞ்சு துண்டு சாப்பிட்டாரு. ஞாயித்துக்கிழம காலைல. அந்தப் பாட்டிலுக்குப் பின்னால சின்ன எழுத்துல என்னமோ போட்டிருந்தான், வயித்துக்கு ஆகாதுன்னு, யாரும்மா அதெல்லாம் படிக்கிறா? சர்ச்சுல எல்லாரும் தலை குனிஞ்சு ஜெபம் பண்றோம், ஊசி விழுந்தாக் கேக்கும், அவரு வயித்துல யாரோ மர நாற்காலிய இழுக்குற மாதிரி சத்தம். ரெண்டு தடவ எந்திரிச்சு ஓடுனாரு. மார்லிஸ் திரும்பி அவரப் பாக்கல. என்னைப் பாத்தா.

மூணாவது தடவ கேரமல் உறையவே இல்ல. பசை. சுவத்துல தாள் ஒட்டலாம். எங்க நாய் நக்கிப் பாத்துட்டு நேராப் போயி தண்ணி குடிச்சுச்சு. ஆனா ஆர்லன் சாப்பிட்டாரும்மா. ஏதோ பத்திரத்துல கையெழுத்துப் போடுற ஆளு மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு, முழுசா சாப்பிட்டாரு.

நாலாவது தடவ... நாலாவது தடவ சரியா வந்துடுச்சு.

எப்படி வந்துச்சுன்னா... வந்துடுச்சு, அவ்வளவுதான். பழகப் பழகக் கை பதம் வந்துடும்ல. அன்னிக்கு மார்லிஸ் சாப்பாட்டுக்கு வந்திருந்தா. ஆர்லன் ஒரு துண்டு வாய்ல போட்டாரு. கண்ண மூடிட்டாரு. ரொம்ப நேரம் கழிச்சுத் தொறந்து, "லவான், நல்லாருக்கு"ன்னாரு. நாப்பத்தோரு வருஷம்மா. இந்த மனுஷன் நான் சமைச்சத ஒரு நாள் கூட நல்லாருக்குன்னு சொன்னதில்ல. நல்லா இல்லேன்னும் சொன்னதில்ல, அது வேற. மார்லிஸ் ஒண்ணு எடுத்தா. இன்னொண்ணு எடுத்தா. "இதுல சக்கரையே இல்லையா, நம்பவே முடியல"ன்னா. நம்பாதேன்னேன்.

அப்புறம் பாருங்க, பவுலிங் விளையாடப் போற எடத்துக்கு டப்பா டப்பாவாக் கொண்டு போறாரு. அங்க நாலு பேருக்கு சுகர், அவங்க பொண்டாட்டிங்க போன் பண்றாங்க எப்படிச் செய்யிறதுன்னு. சர்ச்சுப் பொம்பளைங்க, மேடையில செஞ்சு காட்டுன்னாங்க. எனக்கு அன்னிக்குப் பாத்து மணிக்கட்டு சுளுக்கிடுச்சு. மார்லிஸ், மார்லிஸே என் அடுப்படிக்கு வந்து நின்னு, செய்முறைய எழுதிக் குடுன்னு கேட்டா. மாட்டேன்னுட்டேன். என்னமோ தெரியல, அன்னிக்கு ராத்திரி அவ்வளவு நல்லாத் தூங்கினேன்.

போன வாரம் ரத்தம் எடுத்தாங்க. நம்பர் ஏறிடுச்சு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். திருட்டுத்தனமா பெட்ரோல் பங்க்குக் கடையில வாங்கித் திங்கிறாருன்னு முடிவு பண்ணிட்டேன். வண்டியச் சோதிச்சேன். கோட்டுப் பையெல்லாம் வெளிய இழுத்துப் பாத்தேன். தூண்டில் பெட்டியில ஒரு மிட்டாய்த் தாளு கெடச்சுச்சு, அது பத்து வருஷப் பழசு, எழுத்தெல்லாம் போயிடுச்சு, அதையும் மூஞ்சிக்கு நேரா நீட்டுனேன். வாயத் தொறக்கச் சொல்லி மோந்து பாத்தேன். மார்லிஸ்கிட்ட சொன்னேன், பாதிரியார்கிட்ட சொன்னேன், போஸ்ட் ஆபீஸ்ல கேட்டவங்க கிட்டயும் சொன்னேன். அவரு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. "லவான், நீ குடுக்குறதத் தவிர நான் இனிப்ப வாயால தொடல."

நம்பலேன்னேன்.

அதுக்கப்புறம் அவருக்கே அவர் மேல சந்தேகம் வந்துடுச்சும்மா. தூக்கத்துல எந்திரிச்சுப் போயி எதையாவது திங்கிறேனோன்னு. ஃப்ரீசர் மூடியில ஒரு மணியக் கட்டி வச்சாரு. ராத்திரியில மணி ஒரு நாளும் அடிக்கல. அதுக்கும் என்ன சொல்றாரு, "மணியக் கழட்டி வச்சுட்டுத் தின்னுட்டு, திரும்பக் கட்டிருப்பேனோ?"ன்னு கேக்குறாரு. மெய்யாலுமே என்கிட்ட கேக்குறாரு. நானும் இருக்கலாம்னேன்.

ஏம்மா அப்படிப் பாக்குறீங்க?

என்ன போடுறேன்னா... சொன்னேனே. பாதாம் மாவு. வேர்க்கடல. வெண்ணெய், தேங்காய்ப் பால்... உப்பு ஒரு சிட்டிகை.

கேரமலா? கேரமல்... கேரமல் செய்யத்தான் செய்வேன்.

...ஒரு ஸ்பூனும்மா. மார்லிஸ் வந்த அன்னிக்கு. அவ வண்டி வாசல்ல வந்து நிக்குது, அடுப்புல அந்தப் பசை அப்படியே கொதிக்குது, அலமாரியில சக்கர போட்ட கெட்டிப்பால் டின் ஒண்ணு இருந்துச்சு. அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்னு ஒரே ஒரு ஸ்பூன் ஊத்துனேன். சரி, அரை டின். அடுத்த தடவ இல்லாமத்தான் செய்யலாம்னு இருந்தேன். ஆனா அவரு கண்ண மூடுனத நீங்க பாக்கல. அதுக்கப்புறம் எப்படி அந்தப் பசையக் கொண்டு போயி அவர் முன்னால வைக்கிறது? அப்புறம் முழு டின்னு. அத அப்படியே தண்ணியில போட்டு மூணு மணி நேரம் வேக வச்சாத் தேன் கலர்ல வரும்மா, அவ்வளவு அழகா இருக்கும். சாக்லேட்டும்... அந்தக் கறுப்புச் சாக்லேட் கசக்குது, அதனால அதுவும் மாத்திட்டேன். பாதாம் மாவு மட்டும் நெஜம். பாதாம் மாவுல நான் ஒரு குறையும் வைக்கல.

ஒரு நாளைக்கு ரெண்டு துண்டுதானே, வேறெதுவும் திங்கிறதில்லையே, என்ன ஆயிடப் போகுதுன்னு நெனச்சேன். நம்பர் ஏறுன அன்னிக்குக் கூட, சத்தியமாச் சொல்றேன், மொதல்ல எனக்கு என் டின் நெனப்பு வரல. பெட்ரோல் பங்க்குதான் நெனப்பு வந்துச்சு. அப்புறம் வந்துச்சு. வந்தப்ப போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் சொல்லி முடிச்சிருந்தேன்.

இன்னிக்குக் காலைல இங்க கெளம்புறோம். அவரு ஷெட்டுல வண்டியச் சூடு பண்ணிக்கிட்டு, மார்லிஸ்கிட்ட போன்ல பேசிக்கிட்டிருக்காரு. மப்ளர மறந்துட்டாரு, குடுக்கலாம்னு போனேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுட்டேன். சொல்றாரு, "அக்கா, எனக்கு இப்பல்லாம் இனிப்பு மேல ஆசையே இல்ல. விட்டுப் போச்சு. ஆனா அவ பாவம், கை வலிக்க வலிக்க நின்னு செய்யிறா. நான் சாப்பிடலேன்னா மனசு ஒடஞ்சு போயிடுவா. அதுக்காகத்தான் சாப்பிடுறேன்."

மப்ளர ஆணியில மாட்டிட்டு உள்ள வந்துட்டேன். இங்க வர்ற வரைக்கும் கழுத்தக் குறுக்கிக்கிட்டு வண்டி ஓட்டுனாரு.

தெரியுதும்மா, சொல்லணும்னு எனக்குத் தெரியாதா? வழியெல்லாம் வாயத் தொறந்தேன். தொறந்து, ரோடு பாத்து ஓட்டுங்கன்னேன். இன்னிக்கு ஊசி ஆரம்பிக்கிறதா டாக்டர் சொல்லியிருக்காரு. அந்த மனுஷன் கண்ணு தெரியாத பனிப்புயல்ல வண்டி எடுத்துக்கிட்டுப் போவாரு, ஒரு ஊசியப் பாத்தா அப்படியே சாஞ்சு விழுந்துருவாரு. போன வாரம் ரத்தம் எடுக்குறப்பவே ரெண்டு பேர் புடிச்சுக்கிட்டாங்க.

டாக்டர்கிட்ட மட்டும் சொல்லலாமா? தனியா? ...இல்ல, இல்ல. நீங்க சொல்றது சரி. அவருகிட்டதான் சொல்லணும். மொத்தம் பதினோரு டின். எட்டுன்னு சொல்லலாம்னு பாக்குறேன்... சரிம்மா, சரி. பதினொண்ணு. மார்லிஸ் காதுக்குப் போக வேண்டாம்னு மட்டும் கேட்டுக்குறேன். கேட்டுப் பாக்குறேன். அவ்வளவுதானே.

ஆங், சிஸ்டர், நான்தான் அவரு வீட்டம்மா. என்னையா? கையப் புடிச்சுக்க ஆள் வேணுங்குறாரா... வர்றேன். இதோ வர்றேன். நீங்க கால நீட்டிக்கங்கம்மா, இந்தச் சேரையும் எடுத்துக்கங்க.

கதவ நல்லாத் தொறங்க சிஸ்டர். அய்யய்யோ, வயித்துல ஊசி போடச் சட்டைய மேல தூக்கிக் கண்ண இறுக்கி மூடிக்கிட்டு உக்காந்திருக்காரு பாருங்க. ஆர்லன். ஆர்லன், சட்டைய எறக்குங்க. டாக்டர், அந்த ஊசியக் கீழ வைங்க, ஒரு நிமிஷம். ஆர்லன், இங்க என்னைப் பாருங்க. நீங்க தூக்கத்துல எந்திரிக்கவே இல்ல.